மூக்கண்ணனின் கல்யாண மருந்து

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். ஆனால் மனிதனுடைய மூக்கை மூக்கண்ணனைப் போல மதித்தவர் மலாக்காவில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

அவர் மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். மலாயா சுதந்திரம் பெற்ற வருடம் ஊரெல்லாம் ஃபுளூ காய்ச்சல். வெளிநாட்டில் அதற்கு ஊசி தயாராகிறது என்று பத்திரிகையில் படித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காய்ச்சல் மூக்கு வழியா வருது, ஊசிய கையில போடுறானுங்க! திருடன் முன்வாசல்ல வர்றான், காவலுக்கு ஜாகாவ பின்வாசல்ல நிறுத்துறதா?"

அவரே ஒரு மருந்து செய்தார். நொச்சிச் சாறு, அதோடு நகை கழுவும் பூந்திக்கொட்டையின் நுரை.

"சாறு தனியாப் போனா உடம்பு கண்டுக்காது லா. இந்த நுரைதான் உடம்பத் தட்டி எழுப்பி, 'ஆளு வந்திருக்கான், பாரு'ன்னு சொல்லும்."

மீசை ஓரம் சிரைக்க மூக்கைத் தூக்கிப் பிடிப்பார் அல்லவா, அப்போதுதான் சொட்டு விழும். கழுத்தருகே கத்தி இருக்கும்போது யார் மறுப்பது? அடுத்து வரும் தும்மல் தெருவைத் தாண்டும்; எதிர்க் கடையில் காப்பி குடிப்பவர்கள் கோப்பையைக் கையால் மூடிக்கொள்வார்கள்.

என் கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளைச் சவரத்துக்கு அவரே வந்தார். பெண் கிளேபாங் ஊர்க்காரி. காய்ச்சலால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம்.

"இன்னிக்கு மட்டும் வேண்டாம்ண்ணே."

"இன்னிக்குத்தான்டா முக்கியம். பொண்ணுக்குக் காய்ச்சல சீரா கொண்டு போறியா?"

வழக்கமான ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாக விட்டார். வழியெல்லாம் தும்மியும் மூக்கு அடங்கவில்லை.

தாலியைக் கையில் எடுத்தேன். தும்மினேன். மறுபடி எடுத்தேன். ஒன்பது தும்மல். ஐயர் மணவறையை விட்டே இறங்கிவிட்டார்.

"அலாமாக்! மாப்பிள்ளைக்கு ஃபுளூ! நிறுத்துங்க கல்யாணத்த!" என்று பெண்ணின் தாய்மாமன் கத்தினார். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். பத்தாவது தும்மல்தான் வந்தது.

மூக்கண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "காய்ச்சல் இல்லைங்க. என் மருந்துதான். சந்தேகமா? பாருங்க" என்று சீசாவைத் தன் மூக்கிலேயே கவிழ்த்துக்கொண்டார். பந்தல் அதிரத் தும்மினார். அவர் தலைப்பாகை கழன்று, கீழே போய் உட்கார்ந்திருந்த ஐயர் மடியில் விழுந்தது. முதலில் சிரித்தது மணப்பெண்தான். பிறகு தாய்மாமனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாலி கட்டிவிட்டேன்.

"என்னை இனி ஃபுளூ தொடாது லா," என்றார் மூக்கண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் அவருக்கு ஃபுளூ வந்தது. கிளேபாங்குக்கு விருந்துக்குப் போகும் வழியில் நானும் என் மனைவியும் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனோம்.