மூட்டை சார் மேற்கே நடந்த நாள்

எங்கள் விருதுநகர் ஜில்லாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அமெரிக்காவுக்காக உட்கார்ந்து அழுதவர் ஒரே ஒருத்தர்தான். அவர் மூட்டை சார். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அவர் அங்கே தற்காலிக வரலாற்று ஆசிரியர். பக்கத்து வகுப்பில் நான் கணக்கு நடத்தினேன். நடத்த விட்டால்தானே! பழைய வேட்டியில் கட்டிய மூட்டையைத் தொப்பென்று மேசைமேல் போடுவார். "ஏலே, பட்டாளம் வாசல்ல நிக்குது. இந்த மண்ணு ஒனக்கில்ல, மேக்க போங்கான். எதை எடுப்ப? எதை விடுவ?" என்று சுவர் அதிரக் கேட்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், குடியேற வந்த வெள்ளைக்காரர்களுக்கு நிலம் வேண்டுமென்று செரோக்கி என்ற பழங்குடி மக்களைப் பிறந்த மண்ணிலிருந்து துரத்தினார்களே, அந்தப் பாடம். அங்கே அவர் மூக்கை உறிஞ்சுவார். இங்கே என் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு சுவரில் காதை வைத்திருக்கும்.

அதே காலத்து அமெரிக்காவில், குடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராகச் சத்தியம் வாங்கிய சீர்திருத்தக்காரர்களும் இருந்தார்களாம். பாடத்தை வகுப்போடு விட வேண்டியதுதானே? மனுஷன் சத்தியம் வாங்க ஒயின்ஷாப் வாசலில் போய் நின்றார். வரிசையில் இருந்த ஒருத்தர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சத்தியம் வாங்குனதும் அங்கன கடைய மூடிட்டாகளா சார்?"

"ஒடனே மூடல."

"அப்ப வளிய விடுங்க. இங்கன மூடிருவான்."

தீபாவளி சீசனில் வந்தது வினை. "மேப்புல கோடு போட்டா காலு வலிக்குமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். மறுநாள் காலை, வகுப்பையே கிளப்பிக்கொண்டு மேற்கே வெம்பக்கோட்டை அணைக்கு நடந்தார். ஆளுக்கொரு மூட்டை. செருப்பு கிடையாது, துரத்தப்பட்டவர்களில் பலருக்குச் செருப்பில்லையாம். பிரின்சிபாலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பு போடக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். அதனால் வெறுங்காலோடு ஒரு கூட்டம் ரோட்டில் வந்தால், கம்பெனி வெடித்துத் தப்பி ஓடி வருகிறார்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு அர்த்தமே கிடையாது. அச்சங்குளம் பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்தார். சத்தம் கேட்டதா, புகை தெரிந்ததா என்றெல்லாம் யோசிக்கவில்லை. "ஐயோ, வெடிச்சிருச்சு! காலேஜ் பிள்ளைகளும் வெறுங்காலோட ஓடியாராக!" என்று அலறினார். போன் பறந்தது.

கம்பெனிகளில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் கையிலிருந்த வெடிமருந்தைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார்கள். அவர்கள் காலிலும் செருப்பில்லை. முதலில் வந்தவர் பேச்சியம்மா. தங்கச்சியை வெடிவிபத்தில் பறிகொடுத்தவர். மகள் ஜெயாவின் முகத்தை, கையை, காலைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பி மூட்டை சாரை ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"அடிங்கம்மா. ஒங்ககிட்டச் சொல்லாமக் கூட்டியாந்தது என் தப்புத்தான்" என்றார் அவர்.

"எதுக்குய்யா இந்தக் கூத்து?"

அவர் ரோட்டோரம் உட்கார்ந்து சொன்னார். செரோக்கி மக்கள் வீடு, வயல், அடுப்பில் இருந்த சோறு எல்லாவற்றையும் விட்டுப் போனதை, வழியில் பிள்ளைகள் செத்ததை. பேச்சியம்மா நின்றபடியே கேட்டார்.

"ஏன்னு கேக்க அந்த ஊர்ல நாதியில்லையா?"

"இருந்தாகம்மா. ஓட்டுரிமைகூட இல்லாத வெள்ளைக்காரப் பொம்பளைக, ஊர் ஊரா கையெழுத்துப் போட்டு மனு அனுப்புனாக."

"கேட்டாகளா?"

"கேக்கல."

பேச்சியம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்லூரி அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் கணக்கு டீச்சர் சொல்லை யார் கேட்கிறார்கள்? மறுநாள் சீசன் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய்மார்கள் பிரின்சிபால் அறைமுன் வந்து நின்றார்கள். கூப்பிட்டவர் யாருமில்லை. "அடிச்சவ நானே கேக்கேன், அவரு இருக்கட்டும்" என்றார் பேச்சியம்மா. நிர்வாகத்தின் முடிவு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூட்டை சாருக்கு ராஜபாளையத்தில் ஒரு டுடோரியலில் இடம் கிடைத்தது. அதுவும் மேற்கேதான். பஸ் ஸ்டாப் வரை தாய்மார்கள் கூடவே நடந்தார்கள். மூட்டை பேச்சியம்மா தலையில் இருந்தது. "வேண்டாம்மா, கொடுங்க" என்றால், "சும்மா வாங்க சார்" என்று முன்னால் போனார். டீக்கடைக்காரர் எழுந்து நின்றார், அலறவில்லை.

பஸ் ஜன்னல் வழியாக சார் மூட்டையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு மேக்க போனவுகள வழியனுப்ப இப்படி யாரு வந்திருப்பா டீச்சர்?" என்று கேட்டு அழுதார். இந்தத் தடவை நானும்தான்.

பக்கத்து வகுப்பில் இப்போது சத்தமே இல்லை. இனி நிம்மதியாகக் கணக்கு நடத்தலாம் என்று பார்க்கிறேன். இன்றுவரை முடியவில்லை.