மிட்டாய் ஆலையின் மருந்துப் பிரிவு

"இன்னும் ஒரு டப்பா ஃபினாயில் ஊத்துங்க!" என்று மேலாளர் கத்தினார்.

"இருக்கிறதையெல்லாம் ஊத்தியாச்சு சார். இப்ப ஃபினாயில்லயும் பெப்பர்மென்ட் வாசனை அடிக்குது," என்றார் இயந்திரக்காரர்.

அரசு மிட்டாய் ஆலையின் மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தெருப் பிள்ளைகளுக்கு அவர் மிட்டாய் மாமா. இன்றைக்கு அவர் மருந்து மாமாவாக மாறியே தீர வேண்டும்.

வினையை விலைக்கு வாங்கியவர் வணிகத் துறைச் செயலாளர். பெரிய நாட்டோடு ஒப்பந்தம் பேசப் போயிருந்தார். நாம் ஏற்றுமதி செய்யும் சட்டைகளுக்கு அங்கே வரியைக் குறைப்பார்களாம். பதிலுக்கு அவர்கள் கம்பெனி மருந்து ஒன்றின் முடிந்துபோன காப்புரிமையை இங்கே இன்னும் பல வருஷம் நீட்டித் தர வேண்டுமாம். நீட்டிவிட்டால், வெளியிலிருந்து மலிவாக வரும் அதே மருந்தின் நகலை யாரும் விற்க முடியாது. கம்பெனி வைத்ததுதான் விலை. அந்தப் பக்கம் மேசை கொள்ளாத வக்கீல்கள். இந்தப் பக்கம் செயலாளரும் ஒரு தண்ணீர் பாட்டிலும். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ரொம்ப நெருக்கினா, சட்டத்துல இடம் இருக்கு, நாங்களே அந்த மருந்தைச் செஞ்சுக்குவோம்!" என்று சொல்லிவிட்டார்.

"அப்படியா? ஆலையைக் காட்டுங்க," என்றார்கள்.

மாத்திரை வடிவத்தில் எதையாவது அச்சடித்துத் தள்ளும் இயந்திரம் நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. அது மேலாளரிடம் இருந்தது.

வேறு மருந்தாக இருந்தால் அவர் முடியாது என்று சொல்லியிருப்பார். இது மூட்டுவாத மருந்து. அவர் மனைவி எழுந்து நடமாடுவதே அதன் தயவில்தான். நகல் நின்றுபோனால், கம்பெனி விலைக்கு அவர் சம்பளம் மொத்தமும் போதாது. அவள் படுத்த படுக்கையாகிவிடுவாள். அதனால்தான் சரி என்றார்.

ஃபினாயில் நெடியில் ஊழியர்களுக்குக் கண்ணீர் கொட்டியது. அதை மறைக்க எல்லோருக்கும் முகமூடியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டார். இப்போது பார்த்தால் ஒரு கொள்ளைக் கூட்டம் மிட்டாய் கிண்டுவது போல் இருந்தது.

"மருந்தைப் பத்திக் கேள்வி கேட்டா யார் சார் பதில் சொல்றது? எங்களுக்குப் பாகு பதம்தான் தெரியும்," என்றார் இயந்திரக்காரர்.

மேலாளர் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி வந்தாள். அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டினார்.

"ஏங்க, எனக்கு என்னங்க தெரியும்?"

"அந்த மாத்திரையைப் பத்தி உனக்குத் தெரிஞ்ச அளவு இங்க யாருக்குத் தெரியும்? ஆனா தயவுசெஞ்சு வாயைத் திறந்துடாதே!"

ஆலையைச் சோதிக்க நிபுணர் வந்தார். மருந்துக் கம்பெனியே அனுப்பிய ஆள். சிரிப்பு என்பதை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், ஓர் இளம்பெண். மூலப்பொருள் கிடங்கைத் திறக்கச் சொன்னார். சர்க்கரை மூட்டைகள் மேல் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"இதெல்லாம் என்னன்னு கேக்கறார்," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

"மருந்தைச் சோதிச்சுப் பார்க்க வளர்க்கிறோம்," என்றார் மேலாளர்.

"எறும்பையா?"

"சின்ன நாடும்மா. எலிக்கு இன்னும் நிதி ஒதுக்கலை."

நிபுணர் எதையோ எழுதிக்கொண்டார். இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். இளஞ்சிவப்பில் மாத்திரைகள் குதித்து வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ. அச்சை மாற்ற எல்லோருமே மறந்திருந்தார்கள்.

"மாத்திரை மேல பூ எதுக்குன்னு கேக்கறார்."

"குழந்தைங்க அழாம சாப்பிடத்தான்."

"இது மூட்டுவாத மருந்தாச்சே?"

"வலி வந்தா எல்லாருமே குழந்தைதானேம்மா," என்று சமாளித்தார் மேலாளர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிபுணர் சட்டென்று வெள்ளைக் கோட்டுக்காரியின் பக்கம் திரும்பினார். இந்த மாத்திரை தடைப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

மேலாளர் குறுக்கே பாய்வதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"முதல் நாள் ஒண்ணும் தெரியாதுங்க. மறுநாள் காலையில பட்டன் போட வராது. அப்புறம் சீப்பு கையில நிக்காது. வீட்டுக்காரர்தான் தலை வாரி விடணும். அவருக்கு வகிடு நேரா எடுக்கத் தெரியாது, கோணலாத்தான் எடுப்பார். நல்லாருக்குன்னு சொல்லி வெப்பேன். வேற என்னங்க சொல்றது, பாவம்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். எந்த வேதியியல் புத்தகத்தில் வகிடு வரும்? அதே சமயம், மாத்திரை கிடைக்காத நாட்களிலெல்லாம் அவள் கோணல் வகிட்டோடு கடைத்தெருவுக்குப் போய் வந்திருக்கிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதை மெதுவாகச் சொல்லி முடித்தாள். நிபுணரின் பேனா நின்றுவிட்டது. மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் விடுவிடுவென்று வண்டிக்கு நடந்தார்.

மேலாளர் பின்னாலேயே ஓடினார். "அந்தம்மா வேலைக்குப் புதுசுங்க! மனசுல வெச்சுக்காதீங்க!"

நிபுணர் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆலை தயாரா இருக்குன்னு எழுதிட்டார் சார்," என்றாள் மொழிபெயர்ப்பாளர். "இனிமே உங்களை ரொம்ப நெருக்க முடியாது. காப்புரிமையை நீட்டச் சொல்லி அவங்க ஆளுங்க கேக்க மாட்டாங்க."

மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தியா? அவ்வளவு பெரிய கம்பெனி ஆள் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டோம்!"

கிளம்பிய வண்டி வாசலில் நின்றது. மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"சார், என்னிக்காவது மிட்டாயை விட்டுட்டு நிஜ மாத்திரை செஞ்சீங்கன்னா, அவர் வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியுமான்னு கேக்கறார். அவங்க கம்பெனி விலை அவருக்கே கட்டுப்படியாகலையாம்."