செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இல்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

என்னைக் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று உன் அக்கா உனக்குச் சொன்ன செய்தி தவறு. யாரும் என்னை நீக்கவில்லை. நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன் என்பதும் தவறு. அது கண்ணீரல்ல, மகரந்தம். இந்த மாதம் ஊரிலுள்ள மரமெல்லாம் சொல்லிவைத்தாற்போலப் பூத்திருக்கின்றன. தபால்காரருக்கும்தான் கண்ணிலும் மூக்கிலும் வடிகிறது, அவரை யாரும் எதிலிருந்தும் நீக்கவில்லை. இந்த இரண்டு திருத்தங்களையும் அவளுக்கு நீயே தெரிவித்துவிடு. நான் சொன்னால், ‘அம்மா சமாளிக்கிறாங்க’ என்பாள்.

நான் நலம், ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கடைவாய்ப் பல் நீங்கலாக. நீயும் மருமகளும் குழந்தையும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருப்பார். இந்த வதந்திக்கு வேர் அவர்தான். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுபெற்று எட்டு வருடமாகியும் படியேறுகிறவர்களை எல்லாம் இன்னும் பரிசோதித்துக்கொண்டுதான் இருக்கிறார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் வீடு திரும்பியபோது, ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, “என்னம்மா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்?” என்று கேட்டார். ஜன்னல் வழியாகக் கேட்கப்படும் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. சொல்லாத பதிலை அவரே எழுதி, உன் அக்காவிடம் சமர்ப்பித்துவிட்டார். நான் வந்தது ஒரு புகைப்படம் எடுத்துப்போக.

அந்தப் புகைப்படம் எதற்கு என்பதில்தான் உன் பங்கு வருகிறது. கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, ஆகவே நடுவில் தாண்டிப் படிக்காதே.

கல்லூரியில் வருடம் முழுக்க ஒருவருக்கும் ஓர் அவசரமும் இருப்பதில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லா ஆசிரியர்களும் ஒரே நாளில் விழித்துக்கொள்கிறார்கள். இந்தத் திங்கட்கிழமை விழித்துக்கொண்டார்கள். அன்று இரண்டு டெஸ்ட், புதன்கிழமை இலைத்துளைகளைப் பற்றி நான்கு பேர் சேர்ந்து செமினார், வெள்ளிக்கிழமைக்குள் செடிகளை உலர்த்தி ஒட்டிய நாற்பது தாள்கள். செடிகளை நசுக்கிக் காயவைக்கக் கனமான பொருள் வேண்டும். உன் அப்பாவின் சட்டப் புத்தகங்கள் பதினேழையும் சாப்பாட்டு மேசைமேல் அடுக்கிவிட்டேன். அவர் இருந்த காலத்தில்கூட அவை இவ்வளவு மும்முரமாக வேலை செய்ததில்லை. இஸ்திரி போடும் பலகையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுகிறேன். ஒரு செடியோடு வந்த எறும்புகள் வாடகைச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன, காலிசெய்ய மறுக்கின்றன. செமினாரில் என் குழுவில் ஒரு பையன், உயரத்தை வைத்து ஏணி என்று கூப்பிடுகிறார்கள், அவனுடைய பங்கு படத்தைக் குச்சியால் சுட்டிக்காட்டுவது மட்டுமே. அதையும் தலைகீழாக மாட்டிய படத்தில் சுட்டிக்காட்டினான். நான் படத்தைத் திருப்பி மாட்டச் சொன்னேன், அவன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இப்படியும் நல்லாத்தானே ஆன்ட்டி இருக்கு” என்றான். எனக்கு வரிசை எண் பதினான்கு என்று பல முறை சொல்லியும் எல்லோருக்கும் நான் ஆன்ட்டிதான்.

இனி செவ்வாய்க்கிழமை. அன்று தாவரவியல் வகுப்பை மூன்றாம் மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை முந்தின நாள் செல்போன் குழுவில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத அறிவிப்பை நான் அறிவிப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். வழக்கமான அறையில், வழக்கமான முன்பெஞ்சில், மணியடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் வந்தார்கள், எல்லாம் புது முகம். இவர்கள் வாரத்துக்கொரு தலைமுடி வைத்துக்கொள்வதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஓர் இளைஞர் வந்து மண் வகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எங்கள் டீச்சர் விடுப்பு போலும் என்று நினைத்து எழுதிக்கொண்டேன். மண் வந்துவிட்டது, வேர் பின்னால் வரும் என்று ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். வேர் வரவில்லை, எரிமலை வந்தது. அது புவியியல் வகுப்பு. அந்த இளைஞர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதந்தான் ஆகிறதாம். முன்பெஞ்சில் நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக, வாயே திறக்காமல் எழுதிக்கொண்டிருந்த என்னை மேலிடத்திலிருந்து பரிசோதனைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். பாவம், சுண்ணாம்புக்கட்டி இரண்டு முறை கைநழுவி விழுந்தது. மணியடித்ததும் என்னிடம் வந்து, “குறை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மேடம், திருத்திக்கிறேன்” என்றார். கேட்டவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதையல்ல. எழுத்து வலப்பக்கம் சரிகிறது, ‘அதாவது’ என்ற சொல்லை முப்பத்தெட்டு முறை சொன்னீர்கள் என்றேன். குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். இப்போது வராந்தாவில் என்னைப் பார்த்தால் நின்று வணங்குகிறார். அவர் எழுத்து நேராகிவிட்டதாகக் கேள்வி.

ஆக, செவ்வாய்க்கிழமை நான் கல்லூரியில் இருந்தேன், என் வகுப்பில் இல்லை. இது எளிய உண்மை. ஆனால் புதன்கிழமை காலை பலகையில் ஒட்டிய வருகைப் பட்டியலில் என் எண்ணுக்கு நேரே, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், வந்தேன் என்று இருக்கிறது. விசாரித்ததில், எனக்காக வேறொருவர் வருகை சொல்லியிருந்தார். இதற்கு ப்ராக்ஸி என்று பெயர், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொன்னது முப்பத்தொன்றாம் எண், என் பக்கத்தில் உட்காருகிற பெண். பொழுது விடியுமுன் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துவிட்டு வகுப்புக்கு வருவாள், வந்ததும் தூங்குவாள், தூங்கும்போது நான் எழுதுவதை எழுந்தபின் பார்த்து எழுதிக்கொள்வாள். தூங்குமூஞ்சி என்பார்கள், அவளும் அந்தப் பெயருக்கு எழுந்து பதில் சொல்வாள். என் குரலில் எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “முதல்ல தொண்டையைச் செருமினேன் ஆன்ட்டி, அப்புறம் சொன்னேன்” என்றாள். டீச்சர் நிமிரவே இல்லையாம்.

நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரீ எங்கள் பெயர்களை வாசிக்கும்போது எழுந்து நின்று சொல்ல வேண்டும், உட்கார்ந்தபடி சொன்னால் வராதவர் கணக்கு. அப்படி வளர்ந்தவள் நான். நேரே டீச்சரிடம் போய், செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இல்லை, திருத்துங்கள் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். என் வருகையைப் பற்றி மட்டுமே பேச வந்தேன் என்றேன். அவர் என் முகத்தையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். குளிர்காலத்தில் கண்புரை அறுவைக்காக மூன்று வாரம் போகாததால் என் வருகை சரியாக எழுபத்தைந்து சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. பரீட்சை எழுத அதுதான் எல்லை. “மேடம், விட்டுடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்” என்றார். விடவில்லை. அவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். நான் எழுபத்து நாலரைக்கு வந்தேன். என் இடத்துக்குத் திரும்பியபோது முப்பத்தொன்று தன் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டிருந்தாள். மதியம் குழாயடியில் ஒரு வார்த்தைதான் பேசினாள். “நல்லதுன்னு நினைச்சு செஞ்சேன் ஆன்ட்டி. நீங்க அதைப் போய்க் கறை மாதிரி தொடச்சுட்டு வந்துட்டீங்க.” நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். வருகை குறைந்தவர்கள் மன்னிப்புக் கோர ஒரு ஃபார்ம் இருக்கிறது. அதைப் பார்த்த குமாஸ்தா, கார்டியன் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டேன் என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயது என்றேன். வயதுக்கு வேறு கட்டம் இருக்கிறது, இது கையெழுத்துக்கான கட்டம் என்றார். அப்பா என்றார், காலமாகிவிட்டார் என்றேன். கணவர் என்றார், அவரும் என்றேன்.

“அப்ப யார்தான் இருக்காங்க?”

“மகன்.”

“பதினெட்டு முடிஞ்சிடுச்சா?”

“நாற்பத்து நான்கு.”

“அது போதும். போட்டோ ஒண்ணு ஒட்டி, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

அந்த ஃபார்மைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும், இல்லையேல் பரீட்சை அடுத்த வருடம்தான். மூன்று வரிகளுக்குக் கீழே நீ கையெழுத்திட வேண்டும். இம்மாணவி என் பொறுப்பில் இருக்கிறார் என்பது முதல் வரி, அதை நாம் இருவரும் பொறுத்துக்கொள்வோம். இவர் வராததற்குச் சொன்ன காரணம் உண்மை என்பது இரண்டாம் வரி, கண் ஆஸ்பத்திரி ரசீது உன்னிடமே இருக்கிறது. இவர் ஒருபோதும் பிறருக்காக வருகை சொன்னதில்லை என்பது மூன்றாவது. என் விஷயத்தில் அந்த வரியை அச்சடித்ததே வீண்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன் இதேபோல ஒரு ஃபார்ம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நான்கு நாள் கிடந்தது. மஞ்சள் காமாலை என்று எழுதியிருந்தாய். நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனதற்கு அது பெயரல்ல. உன் அப்பா நீதிபதிகளுக்கே பயப்படாதவர், ஆனால் என்னைக் கேட்காமல் பேனாவைத் திறக்கவில்லை. “ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்” என்று அடுத்த அறையிலிருந்து மட்டும் சொன்னார். நான் போடவில்லை. உனக்கு ஒரு வருடம் போயிற்று. நீ அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நான் செய்தது தவறென்று இப்போதும் சொல்லவில்லை. உன் கைக்கு இந்த ஃபார்ம் வரும்போது உனக்கு அது நினைவுக்கு வரும், எனக்கும் அது நினைவிருக்கிறது என்று தெரிவிப்பதே முறை என்பதால் எழுதுகிறேன்.

மருமகளுக்கு என் அன்பு. குழந்தை கையெழுத்தைப் பழகட்டும், பத்து விரலும் நிதானத்துக்கு வரட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வரிசை எண் 14

பின்குறிப்பு (சனிக்கிழமை, பகல்): நேற்று எழுதிய இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று காலை வகுப்பில் டீச்சர் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் கேட்டருகே, முப்பத்தொன்று மைதானத்தின் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தாள். தலையெல்லாம் மாவு. அவளும் எழுபத்தைந்தில் நிற்கிறாள் என்பதைப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். இருபத்தொன்பது வந்தது, முப்பது வந்தது. முப்பத்தொன்று என்றதும் ஒரு குரல் “பிரசென்ட்” என்றது. தொண்டையைச் செருமாமல், கூடியவரை இளமையாகச் சொன்னேன். உட்கார்ந்தபடிதான் சொன்னேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து குறித்துக்கொண்டார். மூச்சிரைக்க வந்தவள் ஏணியிடம் ஏதோ கேட்டாள், பிறகு பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தூங்கிவிட்டாள். திருத்தச் சொல்லி டீச்சரிடம் போக மணியடித்ததும் எழுந்தேன். போகவில்லை.

ஆகவே மூன்றாவது வரி இப்போது பொய். தெரியாமல் உன்னைக் கையெழுத்திட வைக்க மாட்டேன். அடிக்கவோ திருத்தவோ கூடாது என்று ஃபார்மிலேயே போட்டிருக்கிறது. நீ போட்டாலும் சரி, நான் அன்று செய்ததைப் போலச் செய்தாலும் சரி, நான் உன்னிடம் காரணம் கேட்கப்போவதில்லை. போன் செய்யாதே, போனில் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய், எதற்குச் சரி என்பது எனக்கு விளங்காது. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் போடு.