கிளினிக்கில் மட்டும் உயரும் கை

வாசற்படியைத் தாண்டி வெளியே போனால் தேறிவிடுவதும், திரும்பி உள்ளே வந்தால் நோயாளியாகிவிடுவதுமான ஓர் இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கென்று தனி முகமோ குரலோ கிடையாது. அடையாளம் ஒன்றுதான்: நாலு பேர் பார்த்தால் எதையும் செய்வார்கள்; ஒரே ஒருவர் பார்த்தால், அதிலும் அந்த ஒருவர் மனைவியாக இருந்துவிட்டால், ஒன்றும் முடியாது.

இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர். முப்பத்து நாலு வருடம் பச்சைக் கொடி காட்டிய வலது கையின் தோள்மூட்டு தேய்ந்துபோய், அதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்து மூன்று மாதம் ஆகிறது. கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்டிருந்த தூளியைக் கழற்றிய அன்று டாக்டர் கேட்டார்: "பயிற்சியை கிளினிக்குக்கு வந்து செய்றீங்களா, வீட்டிலேயே செய்றீங்களா? உங்களுக்கு எப்படின்னாலும் சரிதான். விடாம செய்யணும், அவ்வளவுதான்."

"வீட்ல எனக்கு யாரு சார் இருக்கா?" என்றார் மாஸ்டர்.

மனைவி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆக, கிளினிக். திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கே மனைவி அவருக்குத் தலை சீவி, சட்டைக் கையை விரித்துப் பிடித்து, புது மூட்டு உள்ள கையை முதலில் நுழைத்து, முதுகுப் பக்கம் சுற்றி வந்து, மற்றக் கையையும் நுழைத்து, ஆறு பொத்தானையும் மாட்டி, கண்ணாடியைத் துடைத்து மூக்கில் வைத்து, கல்யாண மாப்பிள்ளையைப் போல ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். பத்தரைக்குத் திரும்பி வருபவர் நேராகப் போய்ப் படுத்துக்கொள்வார். "இன்னிக்கு ரொம்ப வேலை வாங்கிட்டாங்க. தண்ணி."

செம்பு தலைமாட்டிலேயே இருக்கும்.

வீட்டில் செய்யவும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். முகமில்லாத ஒரு மனிதன் கையைத் தூக்கும் படங்கள் போட்ட தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. இழுத்துப் பழகுவதற்காகப் படுக்கையறைக் கதவில் கட்டிய கயிற்றில் அவருடைய துண்டு காய்ந்தது.

"என்னங்க, கயிறு இழுக்கலையா?"

"காலைல அங்க செஞ்சாச்சே. திரும்பச் செஞ்சா மூட்டு தேஞ்சிடும்."

"புது மூட்டுங்க அது."

"புதுசுதான் சீக்கிரம் தேயும்."

செவ்வாய், வியாழன் என்றால் "இன்னிக்கு ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க" என்பார். யார் சொன்னது என்று மட்டும் கேட்கக் கூடாது.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மனைவியின் தங்கைக்கு சனிக்கிழமை கண் அறுவை சிகிச்சை. தனியாக இருப்பவள். ஒரு வாரம் கூட இருக்க ஆள் வேண்டும். அக்கா வரட்டும் என்று ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டிருந்தாள். மூன்றாவது தடவையாக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"நீ தாராளமா போயிட்டு வா," என்றார் மாஸ்டர் பெருந்தன்மையோடு. கொஞ்ச நேரம் கழித்து, "சட்டைதான்..." என்றார். மீதியை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. முந்தின இரண்டு முறையும் பயணம் அந்தச் சட்டையில்தான் நின்றது.

புதன்கிழமை கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற பெண் போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு நீங்களும் வாங்க. சார் நல்லா தேறிட்டார். இனிமே வீட்டிலேயே செய்யலாம்."

மனைவி போனார். அங்கே எல்லோரையும் மூட்டு வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வாத்தியார், இடுப்பு அம்மா, கணுக்கால் தம்பி. இவர் தோள் சார். தோள் சார் மேல்தட்டிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி மேலே ஏற்றினார். சுவரில் விரல்களாலேயே நடந்து காதுக்கு மேலே போனார். வாத்தியார் கைதட்டினார். மாஸ்டர் அதைக் கவனிக்காதவர் போல இன்னும் இரண்டு அங்குலம் ஏறினார்.

"கொடுத்து வச்சவங்க நீங்க," என்றாள் இடுப்பு அம்மா. "வீட்ல பரண் எல்லாம் சார்தான் துடைப்பார் போல."

பயிற்சிப் பெண் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"சார் தலை தானா சீவிக்கறாரா?"

மனைவி கணவரைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாமதமாக வரும் ரயிலைப் பார்ப்பதுபோல. இல்லை என்றால் வாத்தியார் முன்னால் அவர் மானம் போகும், கிளினிக்கும் தொடரும். ஆமாம் என்றால் அது பொய்.

"இன்னிக்கு வரைக்கும் இல்லம்மா," என்றார். "நாளையிலேருந்து."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "சட்டை யாரு மாட்டி விடறாங்க?"

"நான்தான்."

"அப்ப வீட்ல பயிற்சி நல்லாத்தான் நடக்குது. உங்க தோளுக்கு."

வியாழக்கிழமை காலை. குளித்துவிட்டு வந்த மாஸ்டர், வழக்கம்போல முதுகைக் காட்டிக் கையை லேசாக விலக்கி நின்றார். சட்டை வரவில்லை. திரும்பிப் பார்த்தார். அது அலமாரிக்குள் மேல் கம்பியில் தொங்கியது. மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன?"

"முழங்கால் வாத்தியார் பாத்துக்கிட்டிருக்கார்னு நினைச்சுக்குங்க."

முறைத்தார். வலிக்கிறது என்றார். "இன்னிக்கு ரெஸ்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு அந்தக் கை மெல்ல உயர்ந்து கம்பியைத் தொட்டது. சட்டையை மாட்டி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் மனைவியின் கைகள் நாலு முறை தாமாக எழுந்தன. கடைசியில் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்குத்தான் வியர்த்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தது. மனைவி அதையும் அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் அதே கையால் தானே சட்டை போட்டுக்கொண்டு மாஸ்டர் ரயிலடிக்கு வந்தார். வண்டி நகர்ந்தது. ஜன்னலிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தார். வலது கை காதைத் தொட்டுக்கொண்டு நேராக மேலே நின்றது. ஏன் நிற்காது? பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அலுவலகத்தில் தண்ணீர்க் கேனைத் தனியாளாகத் தூக்கிக் கவிழ்க்கிற நீங்கள், நேற்று வீட்டில் "அந்த ரிமோட்டை எடு" என்றபோது ரிமோட் எத்தனை அடி தள்ளி இருந்தது? சே, அந்த இனம் நானில்லை என்கிறீர்களா? இருக்கலாம். அப்படியானால் கேட்பதற்கு முன்பே சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற இனமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் பயிற்சி இருக்கிறது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். தினம் பதினோரு நிமிடம்.