ஒருக்கா மட்டும் கேட்ட முதலாளியம்மா

லண்டனில் எதையும் விற்கவே தெரியாத ஒரு மனுஷி உண்டென்றால் அது எங்கள் முதலாளியம்மாதான். மழையில் நனைந்துகொண்டு வருகிறவனுக்குக் குடை விற்கச் சொன்னாலும், இப்போது விட்டுவிடும், உள்ளே வந்து நில்லுங்கள் என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த தொழில்தான் வேடிக்கை. கிழக்கு லண்டனில், பட்டப்பகலிலேயே பெண்கள் மேடையேறி உடை களைந்து ஆடுகிற ஒரு பப்பில் அவர் ஆட்டக்காரி.

நான் அங்கே பியர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் ரெஸ்டோரண்ட் வேலை என்று சொல்லியிருந்தேன். சிப்ஸும் விற்றோம் என்பதால் அது முழுப் பொய்யில்லை. முதல் நாளே ஒரு கிளாஸை உடைத்துவிட்டு, தமிழ் தெரிந்தவர் யார் இருக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் யாழ்ப்பாணத்துக் கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொன்னேன்.

"தம்பி, வாயைக் கழுவும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

திரும்பினால் நாற்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர், மினுங்குகிற உடுப்புக்கு மேல் கம்பளிக் கார்டிகன் போட்டுக்கொண்டு தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றார். எனக்கு வியர்த்துவிட்டது. அவருக்கும் முகம் ஒருமாதிரிப் போனது. எங்கள் ஆட்கள் கண்டவுடன் கேட்கிற ‘ஊரில எவ்விடம்’ என்ற கேள்வியை, செய்தி ஊருக்குப் போய்விடும் என்ற பயத்தில் அன்று நாங்கள் இருவரும் விழுங்கிக்கொண்டோம். அவர் எனக்கு அக்கா, நான் அவருக்குத் தம்பி, அதோடு சரி.

அவருக்கு முதலாளியம்மா என்பது நான் வைத்த பெயர். அவர் மேடையில் ஆடுவது, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் உடுப்புக் காயப்போடுவதுபோல இருக்கும். அவசரமில்லை, கூச்சமில்லை, யாரையும் மயக்கவேண்டும் என்ற கவலையும் இல்லை. பப் முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கும். ஆனால் அந்தத் தொழிலில் மேடை ஆட்டம் வெறும் விளம்பரம்தான். இறங்கியபின் மேசை மேசையாகப் போய், உள்ளறையில் உங்களுக்கென்று தனியாக ஒரு ஆட்டம் ஆடவா என்று கேட்டு விற்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. எங்கள் ஆளோ இறங்கியதும் ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்து தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாகச் சாப்பிடுவார். அந்த இருப்பைப் பார்த்த வாடிக்கையாளர்கள் பப்பே அவருடையது என்று நினைத்தார்கள். பியரில் நுரை கூடிப்போனதாக ஒருவர் அவரிடம் முறையிட்டார். இவர் எழுந்துவந்து என்னை விசாரித்து, வேறு பியர் ஊற்ற வைத்தார். இன்னொருவன் வேலை கேட்டு விண்ணப்பத்தையே நீட்டினான். நல்ல பெடியன் என்று மனேஜரிடம் சிபாரிசும் செய்தார்.

மனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மாதம் முடிவதற்குள் தனி ஆட்டங்கள் கூடாவிட்டால் பகல் ஷிப்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, இவரை இரவுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தோடம்பழம் உரிக்கப்படாமல் கிடந்தது.

"நைட் எண்டால் பிள்ளையை ஆரிட்ட விடுறது?" என்று மெதுவாகக் கேட்டார். ஒன்பது வயது மகள். பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். வாசலில் தாய் நிற்காவிட்டால் வேறு ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஈஸ்ட் ஹாமில் சாறிக் கடையில் சேல்ஸ்மேனாக நின்றவன். விற்பனை எப்படியென்று நான் சொல்லித்தருகிறேன் என்று மார்தட்டினேன். வந்த ஆளை வெறுங்கையோடு வாசல் தாண்ட விடக்கூடாது என்பது என் முதல் பாடம். ‘வேண்டாம்’ என்றால் நம்பக்கூடாது என்பது இரண்டாவது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், இப்பதான் குடிச்சனான் என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றாம் தரம் கேட்டால் சீனி கொஞ்சம் கூடப் போடச் சொல்வார்கள். இதையும் அப்படியே செய்யுங்கள் அக்கா என்றேன். அவரும் தலையாட்டினார்.

அடுத்த நாள் பார்க்கவேண்டுமே. நோ தாங்க்ஸ் என்றவரிடம் மறுபடி கேட்டார். அந்த ஆள் தன் கோட்டை எடுத்தபோது மூன்றாம் தரம் கேட்டார். கதவுவரை கூடப்போய், பஸ் வர நேரமிருக்கிறது என்று விளக்கம் வேறு கொடுத்தார். வெள்ளைக்காரனுக்கு முதல் ‘நோ’வே கடைசி ‘நோ’ என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒருவர் கழிவறைக்குள் போய் வெளியே வரவேயில்லை. பென்ஷன் எடுத்த தபால்காரர் ஒருவர், தினமும் வருகிறவர், எதிர்ப்பக்கத்துப் பப்புக்குப் போய்விட்டார். ஒரே வாரத்தில் எங்கள் பப் காலியாகி அவர்கள் பப் நிரம்பியது. மனேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்த மனுஷியை என்ன செய்தாய் என்று கேட்டார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தபால்காரர் பயந்து பயந்து திரும்பி வந்தார். முதலாளியம்மாவுக்கு அலுத்துப்போயிருந்தது. தபால்காரரின் மேசைக்குப் போய், நான் உங்களுக்கு ஒரு ஆட்டம் விற்க வேண்டுமாம், விருப்பமென்றால் சொல்லுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி இருங்கள், கால் நோகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்கவேயில்லை. கிழவரின் முழங்கால் வலியை விசாரித்தார், பாதித் தோடம்பழத்தைக் கொடுத்தார். பழம் முடிந்ததும் கிழவரே எழுந்து, போகலாமா என்றார். அதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரரும் அவர் வந்து உட்கார இடம் ஒதுக்கினார்.

உள்ளறையிலிருந்து திரும்பிய முதலாளியம்மா, நான் வாய் பிளந்து நிற்பதைக் கண்டு பாருக்கு வந்தார்.

"ஒருக்காக் கேக்கிறது என்ர வேலை, தம்பி. ஓம் எண்டுறதும் இல்லை எண்டுறதும் அவையின்ர வேலை. அதையும் நான் ஏன் செய்யோணும்?"

என் சாறிக் கடைப் படிப்பு அத்தோடு முடிந்தது. அன்று மத்தியானம் அவர் அந்தக் கதிரைப் பக்கமே போகவில்லை. ஒருவர் மாறி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். கடைசியில் மனேஜர் வந்து, பகல் ஷிப்ட் உன்னுடையதுதான் என்றார். நன்றி சொல்வார் என்று பார்த்தால், சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். மூன்றடிக்க ஐந்து நிமிடம். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழக்கமான பஸ் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது.

எந்த ஆணுக்காகவும் ஒரு எட்டு வேகமாக வைக்காத மனுஷி, கோட்டை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினார். பாரை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன். முந்திப்போய் பஸ் கதவுக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன். டிரைவர் திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியதல்ல. முதலாளியம்மா மூச்சிரைக்க ஏறி, படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜாக்கெட் போடாமல் நிக்கிறீர், தடிமன் பிடிக்கும். உள்ள போம்."

பஸ் கண்ணுக்கு மறையும்வரை நான் போகவில்லை. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றோடு அந்தக் குறை போய்விட்டது.