மூத்த மருமகனும் முழங்கால் தண்ணீரும்

அன்று சரணாலயக் குளத்தில் இருந்தவர்கள்: அப்துல் ஸமட் ஹாஜியார், அவர் மனைவி றபீக்கா, மூத்த மகள் ஜெனூபா, அவள் கணவன் முர்ஷித், இளைய மகள் றஸ்னா, அவளுடைய புதுமாப்பிள்ளை றிபாஸ், படகு வலிக்கும் பஹ்மி. வேறு எவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

வேனில் ஏறும்போதே முர்ஷிதுக்கு வயிறு எரிந்தது. முன் இருக்கை எப்போதும் அவனுடையது. இன்று அதில் றிபாஸ். குளக்கரையில் பாய் விரித்து, எல்லாரும் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டில் சோறு வைத்தபோது, பொரித்த முழுக்கோழியும் றிபாஸின் பக்கமே திரும்பியிருந்தது.

"சாப்பிடுங்க மகன், வெக்கப்படாதீங்க" என்றார் மாமி றபீக்கா.

"ஒரு காலத்தில எனக்கும் இப்பிடித்தான்" என்று முர்ஷித் மனைவியிடம் முணுமுணுத்தான். "இப்ப கழுத்தெலும்பு."

"புதுமாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் அப்பிடித்தான். சும்மா இரிங்க."

சும்மா இருந்தால் அந்த வீட்டில் மூத்த மருமகனுக்குரிய இடம் பறிபோய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது. படகில் போகலாம் என்று ஹாஜியார் சொன்னதும் முந்திக்கொண்டு எழுந்தான். றிபாஸ் மிதவை அங்கியைக் கட்டிக்கொண்டான். முர்ஷித் அதைத் தள்ளிவிட்டான்.

"கடற்கரையில பொறந்தவனுக்கு இது என்னத்துக்கு?"

அவனுக்கு நீச்சல் தெரியாது என்பது ஜெனூபாவுக்கு மட்டுமே தெரியும்.

தாமரை மூடிய நடுக்குளத்துக்குப் படகு வந்தது. கரையில் மாமி பார்க்கிறார் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு முர்ஷித் படகின் முன்புற அணியத்தில் எழுந்து நின்றான். படகு ஆடியது. தொபுக்கென்று விழுந்தான். தாமரைக்கொடி காலைச் சுற்றியது.

"கால இழுக்குது! முதலை! யா அல்லாஹ்!"

மாமி ஊருக்குத் தொலைபேசி எடுத்து, முதலையென்று தொடங்கி கண்டதையெல்லாம் அலறிச் சொன்னார். றிபாஸ் குதித்துப்போய் அவனைத் தூக்கி நிறுத்தினான். தண்ணீர் இருவருக்கும் முழங்காலளவு இருந்தது.

திரும்பும்போது, நற்பிட்டிமுனைக்குப் போகவேண்டிய பஹ்மியும் வேனில் ஏறிக்கொண்டான். வழியில் ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"முழங்கால் தண்ணியில என்ட மருமகன் முங்கினாரெண்டு ஊர் சிரிக்கக் கூடா. முதலை எண்டே இரிக்கட்டும்."

முர்ஷிதுக்குப் போன உயிர் வந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அது மறுபடி போயிற்று.

"முதலைட வாயிலயிருந்து சகலன இழுத்தெடுத்த மாப்பிள்ளை இவர்தானா?" என்று பக்கத்து வீட்டுச் சபியா உம்மா றிபாஸின் தலையைத் தடவினார். கூடி நின்றவர்கள் எல்லாம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

முர்ஷித் தன் மானத்தைக் காக்க முதலையை இரண்டு முழம் நீட்டினான். முதலை நீள நீள றிபாஸின் வீரமும் நீண்டது. வாலையும் பல்லையும் சேர்த்தான். றிபாஸுக்குத் தேநீரும் தொதல் இனிப்பும் வந்தன.

"கடிச்ச இடத்தக் காட்டுங்களன்" என்றார் சபியா உம்மா. முர்ஷித் அவசரமாக நொண்டத் தொடங்கினான்.

வேனருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பஹ்மிக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கதை பரவினால் நாளைக்கு அவன் படகில் யார் ஏறுவார்கள்?

"அந்தக் குளத்தில முதலையே இல்ல" என்றான் சத்தமாக. "படக ஆட்டினது புதுமாப்பிள்ளைதான், 'கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து மாமா வாயத் தொறந்தா மூத்த மருமகனப் போல வராது எண்டுதான் கதைக்கிறார், ஒருக்கா நனையட்டும்' எண்டு என்ட காதுக்குள்ள சொல்லிப்போட்டுத்தான் ஆட்டினார்!"