காத்து அண்ணையின் பின்கழுத்து

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் காத்து அண்ணையின் பின்கழுத்தைக் கண்ட தமிழர் எவரும் இருந்ததில்லை. ஆடி மாத வெயிலிலும் அதைச் சுற்றி ஒரு பழுப்பு மப்ளர் இருக்கும். மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்த சீன அம்மாளிடம் அவர் கற்ற வைத்தியத்தின்படி, சளிக்காய்ச்சல் காற்றோடு காற்றாகப் பின்கழுத்து வழியேதான் உள்ளே நுழையும். கடற்காற்று ஓயாத இந்த ஊரில் அந்தப் பாடத்தைப் படித்த மனுசன் எப்படி நிம்மதியாக இருப்பார்?

யாராவது தும்மினால் போதும், "நாக்கை நீட்டும் பாப்பம்!" என்று வந்து நிற்பார். பஸ் தரிப்பிடம், கலியாண வீடு, ஒருமுறை செத்த வீட்டிலும்தான். நடுக்கத்தோடு நாக்கில் வெள்ளை படிந்திருந்தால் அது குளிர்க் காத்து. இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டும் அவித்துக் குடித்து வேர்க்கவேண்டும். தொண்டை நொந்து நாக்கு சிவந்திருந்தால் சூட்டுக் காத்து. அதற்குப் புதினாவும் செவ்வந்திப் பூவும். மாற்றிக் குடித்தவர்களோடு மாதக்கணக்கில் கதைக்கமாட்டார்.

போன மாசியில் என் மனைவி கிரேஸ் காய்ச்சலில் விழுந்தாள். அழைக்காமலே பிளாஸ்க்கோடு வந்தவர் நாக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சிக்குள்ள காத்துப் பூந்திட்டுது. கலைக்கவேணும்."

என் மாமியார் பெந்தெகொஸ்தே சபைக்காரி. காத்து என்றால் அவருக்குப் பேய்தான். பாய்ந்து வந்து, அண்ணையின் தலையிலேயே கையை வைத்து, "இயேசுவின் நாமத்தில வெளியில போ!" என்று கத்தினார்.

"ஐயோ அக்கா, இது இஞ்சித் தண்ணிக்குப் போற காத்து!" என்றார் அண்ணை.

கிரேஸ் இருமி இருமிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அண்ணை வந்தார். நாக்கைக் கேட்கவில்லை. நீலம் பாரித்த உதட்டைப் பார்த்ததும் பிளாஸ்க்கைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"தம்பி, இது என்ர கைக்கு மிஞ்சினது. 112க்கு அடியும். உடன அடியும்!"

நான் போனை எடுத்தேன். அவரே போனைப் பறித்து, உடைந்த டேனிஷில் விலாசம் சொன்னார். மாமியார் அழுதுகொண்டே ஜெபித்தார்.

"சத்தமாச் சொல்லுங்கோ அக்கா," என்றார் அண்ணை.

ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். பத்து நாளில் கிரேஸ் வீடு திரும்பினாள். அண்ணையின் மப்ளரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அம்புலன்ஸ் வந்த அன்று ஸ்ட்ரெச்சரை வாசலுக்குக் கொண்டுவந்தபோது காற்று பேயாக அடித்தது. அண்ணை ஓடிவந்து தன் மப்ளரைக் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டார். அம்புலன்ஸ் கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன். மாமியாரைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார், வெறும் பின்கழுத்தோடு.